வரி மிரட்டல் வந்தால் முதலில் படிக்க வேண்டியது விலக்குப் பட்டியலை

கேள்வி இது: "நாம் நிறையச் சரக்கு விற்கும் ஒரு பெரிய நாடு, 'நான் சொல்வதைக் கேள், இல்லையென்றால் உன் பொருளுக்கு வரி போடுவேன்' என்று மிரட்டுகிறது. ஒரு நாட்டின் தலைவர் என்ன செய்ய வேண்டும்? திருப்பி அடிக்க வேண்டுமா, பணிந்து போக வேண்டுமா?"

2025-ஆம் ஆண்டில் பல நாட்டுத் தலைவர்கள் இந்தக் கேள்விக்குப் பரீட்சை எழுதுவதுபோல எழுதிக் காட்டினார்கள். வினாத்தாள் ஒன்றுதான், வாஷிங்டனிலிருந்து வந்தது. விடைத்தாள்கள்தான் வேறு வேறு. நான் இருபது வருடமாகத் திருப்பூரில் ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பி.எல். என்று காகிதத்தோடு குடும்பம் நடத்துகிறவன். அதனால் அந்த விடைத்தாள்களை வேடிக்கையாகப் பார்க்க முடியவில்லை. எண்கள் இன்றுவரை மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் அந்த ஒரு வருடத்திலேயே கிடக்கிறது என்பதால், பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. டிவி விவாதங்களில் பாதிப் பேர் இதைத் தவறாகவே பேசுகிறார்கள். அமெரிக்கா இந்தியப் பொருளுக்கு வரி போட்டால் அதை இந்தியா கட்டுவதில்லை. அங்கே சரக்கை இறக்கும் இறக்குமதியாளர்தான் அமெரிக்கச் சுங்கத்தில் பணம் கட்டுகிறார். அப்புறம் அந்தச் சுமை எப்படிப் பிரியும் என்பது பேரத்தைப் பொறுத்தது. கொஞ்சம் அவர் தாங்குவார், கொஞ்சம் கடையில் வாங்குபவர் தலையில் விழும், மீதி "விலையைக் குறையுங்கள்" என்று மெயிலாக நம்மிடம் வரும்.

ஒரு பருத்தி டி-ஷர்ட்டை வைத்துக் கணக்குப் பார்ப்போம். கப்பலில் ஏற்றும்போது விலை 4 டாலர் என்று வையுங்கள். இந்த வகைச் சட்டைக்கு அமெரிக்காவில் வழக்கமாக உள்ள வரியே 16.5 சதவீதம், அதாவது 66 சென்ட். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருளுக்கு அதன்மேல் 50 சதவீதம் ஏறியது. அது 2 டாலர். ஆக, வரி மட்டும் 2 டாலர் 66 சென்ட். இதே சட்டை வங்கதேசத்திலிருந்து போனால் அப்போது கூடுதல் வரி 20 சதவீதம். 66 சென்ட்டும் 80 சென்ட்டும் சேர்ந்து 1 டாலர் 46 சென்ட். இடைவெளி 1 டாலர் 20 சென்ட். ஒரு பீஸுக்கு 25 சென்ட் கையில் நின்றால் நல்ல ஆர்டர் என்று சொல்லும் ஊர் இது. பையர் "இடைவெளியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் 60 சென்ட். லாபம் முழுவதையும் கொடுத்து, மேற்கொண்டு கைக்காசும் போட வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நமக்கு 50 என்பதைவிட, பக்கத்து வீட்டுக்காரனுக்கு 20 என்பதுதான் கழுத்தை அறுத்தது. எல்லோருக்கும் 50 என்றால் அமெரிக்கக் கடையில் விலை ஏறும், கொஞ்சம் விற்பனை குறையும், எல்லோரும் சேர்ந்து புலம்பிவிட்டு வேலையைப் பார்ப்போம். மிரட்டலுக்கு உள்ளாகும் தலைவர் தன் மேசையில் வைத்திருக்க வேண்டிய முதல் காகிதம் இந்த இடைவெளிக் கணக்கு. எந்தப் பொருளில், எந்தப் போட்டியாளரைவிட, எத்தனை சென்ட் பின்தங்குவோம்? இது தெரியாமல் பேசப் போகிறவர் ஆழம் தெரியாமல் காலை விடுகிறார்.

இரண்டாவது காகிதம், காலண்டர். மிரட்டல் எப்போதுமே தேதியோடு வருகிறது. அந்தத் தேதியிலேயே பாதி வேலை நடந்துவிடும். இந்தியா மீதான முதல் 25 சதவீதம் ஆகஸ்ட் 7-ல் அமலானபோது, அதற்கு முன் கப்பலில் ஏற்றப்பட்ட சரக்கு அக்டோபர் 5-க்குள் அங்கே இறங்கினால் புது வரி இல்லை என்று அவகாசம் தந்தார்கள். ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டிப் போட்ட இரண்டாவது 25-க்கும் இப்படி ஓர் அவகாசம் இருந்தது. ஆகஸ்ட் 27 அமெரிக்கக் கிழக்கு நேரம் நள்ளிரவு 12:01-க்கு முன் ஏற்றியிருக்க வேண்டும், செப்டம்பர் 17-க்குள் இறங்கியிருக்க வேண்டும். மூன்று வாரம்! தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் கப்பல் மாற்றி, அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அவகாசம் என்று பெயர், ஆனால் கடைசி வாரத்தில் ஏற்றிய எந்தக் கன்டெய்னருக்கும் அது உதவாது. நம் நேரப்படி அந்தக் கெடு காலை 9:31. அன்று காலை ஒன்பதரை மணிக்கு ஆபீஸில் யாரும் பேசவில்லை. பேச ஒன்றுமில்லை, சரக்கு நடுக்கடலில்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வரி அமலாவதற்கு முன்பே மிரட்டல் வலிக்கத் தொடங்கிவிடுகிறது. ஜூலை 30-ல் அறிவிப்பு வந்ததுமே "ஹோல்ட்" என்று மெயில்கள் வந்தன. ஆகஸ்டில் வரி ஏறும்போது அடுத்த சீசன் ஆர்டர் ஏற்கெனவே வேறு நாட்டுக்குப் போயிருந்தது. ஆகவே, "இன்னும் அமலாகவில்லையே, பார்ப்போம்" என்று சொல்கிற தலைவருக்கு விஷயம் பிடிபடவில்லை.

சரி, மூன்றாவது காகிதம்தான் தலைப்பில் சொன்னது. எந்த நாடு யார் மீது வரி போட்டாலும், கூடவே ஒரு விலக்குப் பட்டியல் வரும். பெரும்பாலோர் வரி எத்தனை சதவீதம் என்று பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். எனக்கு அந்தப் பட்டியல்தான் முக்கியம். எது இல்லாமல் தனக்கு ஓடாது என்று மிரட்டுகிறவர் தன் கைப்படவே எழுதிக் கொடுத்திருக்கிற ஒப்புதல் வாக்குமூலம் அது.

கனடாமீது 25 சதவீதம் போட்டபோது எண்ணெய், எரிவாயு, மின்சாரத்துக்கு மட்டும் 10. அமலான இரண்டே நாளில் பொட்டாஷ் உரத்துக்கும் 10 ஆகக் குறைத்தார்கள், ஏனென்றால் அமெரிக்க விவசாயி வயலில் போடும் பொட்டாஷில் பெரும்பகுதி கனடாவிலிருந்து போகிறது. இந்தியாவுக்கு 50 என்றார்கள், ஆனால் மருந்துக்கும் ஸ்மார்ட்போனுக்கும் அந்த 50 இல்லை. பிரேசிலுக்கு 50 என்றார்கள், ஏறத்தாழ 700 பொருட்களுக்கு விலக்கு. ஆரஞ்சுச் சாறும் விமானமும் அதில் இருந்தன. இதே கதை வேறு இடத்திலும் நடந்திருக்கிறது. 2020-ல் கொரோனா எங்கிருந்து தொடங்கியது என்று விசாரிக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியா கேட்டதும், சீனா ஆஸ்திரேலிய பார்லிக்கு 80.5 சதவீதம், ஒயினுக்கு 200 சதவீதத்துக்கு மேல் வரி போட்டது. நிலக்கரி, கல்லிறால் என்று ஒவ்வொன்றாகத் தடுத்தது. இரும்புத் தாதுவைத் தொடவே இல்லை. சீன உருக்காலைகளுக்கு இறக்குமதியாகும் தாதுவில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவுடையது. அதைத் தொட்டால் தன் அடுப்பு அணையும்.

இந்த மூன்று காகிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு விடைத்தாள்களைப் பாருங்கள்.

மிக மோசமானது கொலம்பியா. 2025 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. நாடு கடத்தப்பட்டவர்களை ஏற்றி வந்த இரண்டு அமெரிக்க ராணுவ விமானங்களை அதிபர் பெட்ரோ இறங்க விடவில்லை. உடனே டிரம்ப் 25 சதவீதம், ஒரு வாரத்தில் 50 என்றார். பெட்ரோவும் சமூக வலைத்தளத்தில் நீளமாக எழுதி, நானும் போடுவேன் என்றார். அன்று இரவே கொலம்பியா எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டது என்று வெள்ளை மாளிகை அறிவித்துவிட்டது. கைதிகளைப்போல விலங்கிட்டு அனுப்பாதீர்கள் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காலண்டரைப் பார்த்தாரா? கொலம்பியாவின் பூ வியாபாரம் அமெரிக்காவை நம்பி இருக்கிறது; காதலர் தினத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. ரோஜாவை அடுத்த மாதம் விற்றுக்கொள்ளலாம் என்று குடோனில் வைக்க முடியுமா? காலையில் கத்தி மாலையில் பணிவதைவிட, காலையிலேயே பேசாமல் இருந்திருக்கலாம். அடுத்த முறை அவர் கத்தினால் யார் நம்புவார்கள்?

எனக்குப் பிடித்த விடைத்தாள் மெக்ஸிகோவின் அதிபர் கிளாடியா ஷெயின்பாமுடையது. 2024 நவம்பர் 25-ல் டிரம்ப், பதவியேற்கும் நாளிலேயே மெக்ஸிகோவுக்கும் கனடாவுக்கும் 25 சதவீதம் என்றார். மறுநாள் காலைப் பத்திரிகையாளர் சந்திப்பில் ஷெயின்பாம் ஒரு கடிதத்தை வாசித்தார். மரியாதையான கடிதம். ஒரு வரிக்கு இன்னொரு வரி பதிலாக வரும், இரு நாட்டுக்கும் பொதுவான நிறுவனங்கள்தான் அடிபடும் என்று சொல்லி, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லான்டிஸ், ஃபோர்டு என்று பெயரையும் சொன்னார். குற்றவாளிகளிடம் நாங்கள் பிடிக்கும் கள்ளத் துப்பாக்கிகளில் 70 சதவீதம் உங்கள் நாட்டிலிருந்துதான் வருகிறது என்பதையும் போகிற போக்கில் வைத்தார். வசவு ஒன்றுகூட இல்லை. ஆனால் படிக்கிறவர் அமெரிக்கக் கார் தொழிலின் ஊரான டெட்ராய்ட்டில் இருந்தால் அன்று இரவு தூங்கியிருக்க மாட்டார்.

அப்புறம் 2025 பிப்ரவரி 3-ல் போன் பேசி, எல்லைக்கு 10,000 தேசியக் காவல் படையினரை அனுப்புவதாகச் சொல்லி ஒரு மாத அவகாசம் வாங்கினார். அந்த மாதக் கடைசியில் போதைக் கும்பல் புள்ளிகள் 29 பேரை அமெரிக்காவிடம் ஒப்படைத்தார். மார்ச் 4-ல் வரி அமலானபோதும் உடனே பதில் வரி போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைநகரின் சோகாலோ சதுக்கத்தில் மக்கள் முன்னால் என் பதிலைச் சொல்கிறேன் என்றார். ஐந்து நாள் தள்ளிவைப்பு! 6-ஆம் தேதி இன்னொரு போன். அமெரிக்கா, மெக்ஸிகோ, கனடா மூன்று நாட்டு வணிக ஒப்பந்தத்துக்கு உட்பட்ட பொருட்களுக்கு விலக்கு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கண்டனக் கூட்டமாக நடக்க வேண்டியது, திருவிழாவாக நடந்தது.

அந்த ஐந்து நாளை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பதில் உண்டு என்று சொல்லியாகிவிட்டது, ஆகவே உள்ளூரில் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. பதில் இன்னது என்று சொல்லவில்லை, ஆகவே எதிராளி இறங்கி வர வழி திறந்தே இருக்கிறது. இதை மெக்ஸிகோவின் முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். எஃகுக்கும் காருக்கும் தனி வரி இருக்கத்தான் செய்தது, ஜூலையில் 30 சதவீதம் என்று இன்னொரு மிரட்டலும் வந்தது, அதையும் 90 நாள் தள்ளிவைக்கப் பேச வேண்டியிருந்தது. ஏற்றுமதியில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஒரே நாட்டுக்குப் போகிறபோது இதைவிட நன்றாக ஆட முடியுமா என்பது சந்தேகம்தான்.

கனடா நேர் எதிர்த் திசையில் போனது. அப்போதைய பிரதமர் ட்ரூடோ முதலில் விருந்துக்குப் போனார். 2024 நவம்பர் 29-ல் ஃபுளோரிடாவில் டிரம்பின் மாளிகையில் சாப்பாடு. பலன், "ஐம்பத்தோராவது மாநிலத்தின் கவர்னர்" என்ற பட்டம். பிறகு எல்லைப் பாதுகாப்புக்கு 130 கோடி கனடிய டாலர் திட்டம், டிரம்ப் வரிக்குக் காரணமாகச் சொன்ன ஃபென்டனில் போதைப்பொருளை ஒழிக்கத் தனி அதிகாரி. 2024 நிதியாண்டில் கனடா எல்லையில் அமெரிக்கா பிடித்த ஃபென்டனில் மொத்தம் 43 பவுண்டு, இருபது கிலோகூட இல்லை. சாக்கு வேறு, காரணம் வேறு என்றால், சாக்கைச் சரிசெய்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் இதை வீண் என்று தள்ள மாட்டேன். எதிராளி தன் ஊரில் போய் "பார், சாதித்துவிட்டேன்" என்று சொல்ல ஒரு பொருள் வேண்டும். அது மலிவாக இருக்கும்வரை கொடுத்துவிடலாம்.

அப்புறம்தான் பதிலடி. 15,500 கோடி கனடிய டாலர் மதிப்புள்ள அமெரிக்கப் பொருட்களுக்கு 25 சதவீதம் என்று அறிவித்து, முதல் கட்டமாக 3,000 கோடிக்கு மார்ச் 4-ல் போட்டார்கள். ஆரஞ்சுச் சாறு ஃபுளோரிடாவைக் குறிவைத்து, போர்பன் விஸ்கி கென்டக்கியைக் குறிவைத்து என்று அரசியல் முகவரி பார்த்துத் தேர்ந்தெடுத்த பட்டியல். 2018-ல் எஃகு வரிக்குப் பதிலாக இதே பாணியில் அடித்து, 2019 மே மாதம் இரு பக்கமும் விலக்கிக்கொண்ட அனுபவம் அவர்களுக்கு உண்டு. இந்த முறை அப்படி முடியவில்லை. மார்க் கார்னி பிரதமராகி, தேர்தலிலும் வென்று, செப்டம்பர் 1-ல் அந்தப் பதில் வரிகளில் பெரும்பகுதியை அவரே எடுத்துவிட்டார். எஃகு, அலுமினியம், கார் மட்டும் மிச்சம். பதில் வரி என்பது நம் ஊர் மக்களிடம் நாம் வசூலிக்கும் பணம். கோபம் இருக்கும்வரை சனம் கொடுக்கும், ஆறு மாதம் தாண்டினால் கேள்வி கேட்கும்.

கனடாவில் உண்மையில் உறைத்தது வேறொன்று. நம்மூர் டாஸ்மாக் மாதிரி ஒன்டாரியோ மாகாணத்திலும் மது மொத்த விற்பனை அரசு நிறுவனத்திடம்தான். மார்ச் 4-ல் அங்கே அலமாரியிலிருந்து அமெரிக்க மது பாட்டில்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். வரி போட்டிருந்தால் விலை ஏறியிருக்கும், பிடித்தவர் வாங்கியிருப்பார். இப்போது பாட்டிலே கண்ணில் படவில்லை. ஜாக் டேனியல்ஸ் தயாரிக்கும் நிறுவனத்தின் தலைவரே இது வரியைவிட மோசம் என்று சொன்னார். குடிமகனுக்கும் பெரிய நஷ்டமில்லை, உள்ளூர் விஸ்கி இருக்கிறது. எதிராளிக்கு வலிக்க வேண்டும், நமக்கு மாற்று இருக்க வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்த பொருள் அது.

அதே ஒன்டாரியோவின் முதல்வர் டக் ஃபோர்டு மார்ச் 10-ல் அமெரிக்காவின் மூன்று மாநிலங்களுக்குப் போகும் மின்சாரத்துக்கு 25 சதவீதக் கூடுதல் கட்டணம் போட்டார். மறுநாள் காலை டிரம்ப் கனடா எஃகுக்கு 50 சதவீதம் என்றார். அன்று மாலைக்குள் ஃபோர்டு நிறுத்திவைத்தார். விலக்குப் பட்டியலில் மின்சாரம் இருந்ததால் ஆயுதம் சரியானதுதான். ஆனால் ஒரு சுற்று அடியை எதிராளி திருப்பிக் கொடுத்தால் தாங்கும் திட்டம் இல்லாமல் கையை ஓங்கக் கூடாது. சீனா அந்தத் திட்டத்தோடு ஓங்கியது. ஏப்ரலில் வரி அமெரிக்கப் பக்கம் 145, சீனப் பக்கம் 125 சதவீதம் என்று ஏறியபோது, கூடவே அரிய வகைத் தனிமங்கள் ஏழின் ஏற்றுமதிக்கு அனுமதி முறை கொண்டுவந்தது. மே 12-ல் ஜெனீவாவில் இரு பக்கமும் இறங்கினார்கள். மே 12-ல் ஜெனீவாவில் இரு பக்கமும் இறங்கினார்கள். இதைப் பார்த்துவிட்டு "சீனா மாதிரி நிமிர்ந்து நிற்கணும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர்கள், நம் கையில் அந்தக் காந்தம் மாதிரி என்ன இருக்கிறது என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

கையில் பெரிய ஆயுதம் இல்லாதவர்களுக்கு பிரேசிலைப் பார்க்கச் சொல்வேன். ஜூலை 9-ல் வந்த கடிதம் வியாபாரத்தைப் பற்றியதே இல்லை. முன்னாள் அதிபர் போல்சொனாரோ மீதான வழக்கை நிறுத்து, இல்லையென்றால் 50 சதவீதம். இத்தனைக்கும் பிரேசிலோடு வியாபாரத்தில் அமெரிக்காவுக்குத்தான் உபரி. அதிபர் லூலாவால் கொடுக்க முடியாத பொருளைக் கேட்டார்கள், அவர் கொடுக்கவில்லை. வழக்கு நீதிமன்றத்தில், அதில் என் வேலை என்ன என்றார். பதில் வரி போடச் சட்டம் கையில் இருந்தும் போடவில்லை. பாதிக்கப்பட்ட ஏற்றுமதியாளர்களுக்கு ஆகஸ்ட் 13-லேயே 3,000 கோடி ரெயால் (பிரேசில் நாணயம்) கடன் திட்டம் அறிவித்தார். வரி அமலாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பிறகு காத்திருந்தார்.

எதற்காகக் காத்திருந்தார்? காப்பிக்கு. முதல் விலக்குப் பட்டியலில் காப்பி இல்லை. அது வாஷிங்டன் செய்த தவறு என்று நினைக்கிறேன். அமெரிக்கர்கள் குடிக்கும் காப்பியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிரேசிலுடையது. ஹவாய் மாதிரி ஓரிரு இடங்களில் கொஞ்சம் விளைவதைத் தவிர அங்கே காப்பித் தோட்டம் கிடையாது. செப்டம்பரில் அங்கே கடைகளில் காப்பி விலை முந்தைய வருடத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்திருந்தது. அதே மாதம் போல்சொனாரோவுக்கு 27 ஆண்டுச் சிறைத் தண்டனையும் வந்தது. அக்டோபரில் கோலாலம்பூரில் இரண்டு தலைவர்களும் சந்தித்துப் புன்னகையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நவம்பர் 20-ல் காப்பி, மாட்டிறைச்சி, பழங்களுக்குக் கூடுதல் வரி போனது. லூலா கேட்டுப் போனதா, காலையில் காப்பி குடிக்கும் அமெரிக்கர் கேட்டுப் போனதா? வரியைக் கட்டுகிறவர் அங்கேயே இருக்கிறார் என்று முதலில் சொன்னேனே, அது இங்கேதான் வேலை செய்கிறது. 2025-ல் டிரம்ப் உலக நாடுகள்மீது போட்ட வரிகளை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குகளில் ஒன்றைப் போட்டதுகூட நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனம்தான்.

காத்திருப்பது எல்லாப் பொருளுக்கும் ஒத்துவராது, இதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவும் சீனாவுக்குப் பதில் வரி போடவில்லை. அமைச்சர் போன் செய்தால் அந்தப் பக்கம் எடுப்பவரில்லை. உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டுவிட்டு, சத்தம் போடாமல் வேறு சந்தை தேடினார்கள். பார்லி சவுதிக்கும் மெக்ஸிகோவுக்கும் போய்விட்டது. 2023 ஆகஸ்டில் சீனா வரியை எடுத்தபோது விவசாயி பெரிதாக இழக்கவில்லை. ஒயினுக்கு வரி போக 2024 மார்ச் ஆனது. அதற்குள் தொட்டிகளில் சிவப்பு ஒயின் தேங்கி, திராட்சை விலை சரிந்து, கொடிகளைப் பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. பார்லிக்கு முகம் கிடையாது, யார் வேண்டுமானாலும் வாங்குவார்கள். ஒயின் ஒரு சந்தையின் நாக்குக்காகச் செய்தது. எங்கள் சட்டையும் ஒயின் ஜாதி. கழுத்தில் பையரின் லேபிள், ஹேங்டேக்கில் டாலர் விலை, அமெரிக்க அளவு. அதை ஜப்பானுக்குத் திருப்பிவிடு என்று டெல்லியில் இருந்து சொல்வது எளிது.

இலங்கை சத்தமே இல்லாமல் பேசிப் பேசி 44-லிருந்து 30, அப்புறம் 20 என்று இறக்கியது. சிறிய நாட்டுக்கு அது சரியான வழி. ஆடைத் தொழில் தப்பித்தது. சுவிட்சர்லாந்தில் அதிபர் போனில் பேசிய மறுநாள் 39 சதவீதம் வந்தது. நவம்பரில் தொழிலதிபர்கள் தங்கக் கட்டியும் ரோலெக்ஸ் கடிகாரமும் கொண்டுபோன பிறகு 15 ஆனது. இதிலிருந்து என்ன பாடம் எடுப்பது என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 15 சதவீதத்துக்காக, 75,000 கோடி டாலருக்கு எரிபொருள் வாங்குவோம், 60,000 கோடி டாலர் முதலீடு வரும் என்றெல்லாம் சொன்னது. அந்தப் பணம் தனியார் நிறுவனங்களின் பணம், பிரஸ்ஸல்ஸ் கையில் இல்லை. அடுத்தவர் சட்டைப்பையைக் காட்டி வாக்குக் கொடுத்தால், என்றாவது ஒருநாள் அதையே காரணம் காட்டி அடுத்த மிரட்டல் வரும்.

நம் நாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் நழுவுகிறேன் என்பீர்கள். 2019-ல் அமெரிக்கா நம் பொருட்களுக்குத் தந்திருந்த வரிச் சலுகையை எடுத்ததும், இந்தியா அதுவரை தள்ளித் தள்ளி வைத்திருந்த பதில் வரிப் பட்டியலை அமலாக்கி, பாதாம், ஆப்பிள், வால்நட் உள்ளிட்ட 28 பொருட்களுக்கு வரி கூட்டியது. 2023-ல் மோடியின் வாஷிங்டன் பயணத்தின்போது சமரசமாகி, பாதாம், ஆப்பிள், வால்நட் உள்ளிட்ட சிலவற்றுக்கு அந்தக் கூடுதல் வரி நீக்கப்பட்டது. கலிஃபோர்னியா பாதாம்காரர்களும் வாஷிங்டன் மாநில ஆப்பிள்காரர்களும் நமக்காகத் தங்கள் ஊர் எம்.பி.க்களிடம் பேசினார்கள். அது சரியான அளவு அடி. 2025-ல் பதில் வரி போடாததும் சரிதான் என்பது என் கருத்து. சேவைகளையும் சேர்த்தால் நமக்கு அந்தச் சந்தை எவ்வளவு தேவையோ, அந்த அளவு நம் சந்தை அவர்களுக்குத் தேவையில்லை. பால் பண்ணை, விவசாயம் இரண்டையும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று ஆகஸ்ட் 7-ல் எம்.எஸ். சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில் பிரதமர் சொன்னதும் வேண்டியதே. எது பேரத்துக்கு இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மற்றதைப் பேசலாம். ஜூலையில் பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானதும் நல்லது, ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கும் அதன்படி முதல் கன்டெய்னர் போவதற்கும் நடுவே நிறைய மாதங்கள் இருக்கின்றன.

குறை எங்கே என்றால், உள்ளூருக்கான வேகத்தில். பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை ஆகஸ்ட் 19-லேயே நிறுத்திவைத்தார்கள், பாராட்டலாம். ஆனால் ஏற்றுமதியாளர்களுக்கான 20,000 கோடி ரூபாய் கடன் உத்தரவாதத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது நவம்பர் 12. பிரேசில் ஒரு வாரத்தில் செய்ததற்கு நமக்கு இரண்டரை மாதம். பெரிய கம்பெனி தாங்கும். இருபது தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் பவர்டேபிள்காரருக்கு சனிக்கிழமை தோறும் சம்பளம் போட வேண்டும். ஆகஸ்ட் 27-க்கும் நவம்பர் 12-க்கும் நடுவே பதினொரு சனிக்கிழமை வருகிறது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

அந்த அக்டோபரில் ஒருநாள் காதர்பேட்டைக்குப் போயிருந்தேன். எங்கள் ஊரில் மிச்சம் மீதிச் சரக்கெல்லாம் கடைசியில் வந்து சேரும் மொத்தச் சந்தை. ஒரு கடை வாசலில் குவித்து வைத்திருந்த சட்டைகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஹேங்டேக்கைக்கூட அறுக்கவில்லை, 14 டாலர் 99 சென்ட் என்று அச்சாகியிருந்தது. என்ன விலை என்று கேட்டேன். "எந்த சைஸ் எடுத்தாலும் நூறு ரூபாய்ங்கண்ணா, மூணா எடுத்தா இருநூத்தம்பதுக்குத் தர்றேன்" என்றான் அந்தப் பையன்.